ஹரகெகெ: நியூசிலாந்தின் நாட்டு நாரும் அதைச் சுற்றி நடந்த வணிகமும்

நியூசிலாந்தின் நாட்டு நார்ச்செடியை அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகள் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள், காலனிக் காலத்தில் வெள்ளையர்கள் அதை எப்படி வணிகப் பொருளாக்கினார்கள், அந்த வணிகம் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன். என் பார்வையில் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: இலையிலிருந்து நாரைப் பிரித்தெடுக்கும் வேலையை யார் செய்வது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆங்கிலேயர்கள் இதை ‘நியூசிலாந்து ஃபிளாக்ஸ்’ என்று அழைத்ததால், லினன் துணி தரும் ஆளிச்செடியோடு பலர் இதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆளியில் நார் இருப்பது தண்டுப் பட்டையில். இது சதுப்பிலும் ஆற்றோரத்திலும் புதராக வளரும் செடி. வாள் போன்ற இலைகள் 3 மீட்டர் நீளம்கூட வளரும். நார் அந்த இலைக்குள் இருக்கிறது. தாவரவியலில் ஃபோர்மியம் டெனாக்ஸ், மாவோரி மொழியில் ஹரகெகெ. மலைச்சரிவிலும் கடலோரப் பாறையிலும் வளரும் சிறிய உறவுக்காரச் செடி ஒன்றும் உண்டு, அதற்கு ஃபராரிகி என்று பெயர். கற்றாழை மடலைச் சுரண்டி நார் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அடிப்படை உடனே பிடிபடும். ஆளித்தண்டை நீரில் ஊறப்போட்டு அழுகவைப்பதுபோல இந்த இலையை ஊறப்போட்டால் காரியம் நடக்காது. இலையின் சதையும் பசையும் நாரை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். இது ஐரோப்பியர்களுக்குப் புரிவதற்கு வெகுகாலம் ஆனது.

மாவோரிகளின் முன்னோர் கிழக்குப் பாலினேசியாவிலிருந்து வந்து குடியேறியது ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில். வெப்பத் தீவுகளில் அவர்கள் மரப்பட்டையைத் தட்டித் துணி செய்து பழகியவர்கள். அதற்கான ஔடெ என்ற மரத்தையும் கொண்டுவந்தார்கள். அது வடக்கே ஓரளவு தழைத்தது, குளிர் மிகுந்த பகுதிகளில் பிடிக்கவே இல்லை. பிடித்திருந்தாலும் அந்தக் குளிருக்கும் மழைக்கும் பட்டைத்துணி போதாது. வந்த இடத்தில் கண்ணுக்கு எட்டிய சதுப்பெல்லாம் நின்ற ஹரகெகெயை வைத்து, ஏறக்குறைய ஒரு புது நெசவுக் கலையையே அவர்கள் உருவாக்க வேண்டியிருந்தது.

காட்டில் வளர்ந்ததை வெட்டியதோடு நிற்கவில்லை. நல்ல நார் தரும் ரகங்களைத் தேர்ந்தெடுத்து ஊரருகே தோட்டம் போட்டார்கள். அதற்கு ‘பா ஹரகெகெ’ என்று பெயர். பாய்க்கு ஒரு ரகம், கூடைக்கு ஒரு ரகம், மேலாடைக்கான மெல்லிய நாருக்கு வேறு ரகம் என்று தனித்தனிப் பெயர்களோடு இருந்தன. வெட்டுவதற்கும் முறை உண்டு. இலைகள் விசிறிபோல் கொத்துக்கொத்தாக நிற்கும். ஒவ்வொரு விசிறியின் நடுவிலும் இருக்கும் இளங்குருத்து ‘ரிட்டோ’, அதாவது குழந்தை. அதை இருபுறமும் அணைத்து நிற்பவை பெற்றோர். இந்த மூன்றையும் தொடக்கூடாது. வெளிப்பக்கம் இருக்கும் முதிர்ந்த இலைகள் மூதாதையர், அவற்றைத்தான் வெட்டலாம். அதுவும் தண்ணீர் உள்ளே தேங்காதபடி சாய்வாக. மழையிலும் இரவிலும் வெட்டக்கூடாது. சடங்கு மாதிரித் தோன்றும் இந்த விதிகளில் நல்ல பயிர்ப் பராமரிப்பு இருக்கிறது: குருத்தை வெட்டினால் அந்த விசிறி பட்டுப்போகும். குருத்தைப் பிடுங்கிவிட்டால் தேன்சிட்டு எங்கே உட்கார்ந்து பாடும் என்று கேட்கும் மாவோரிப் பழமொழி இன்றும் நியூசிலாந்தில் எல்லோருக்கும் தெரியும்.

நாருக்கு ‘முகா’ என்று பெயர். தென் தீவில் ‘ஃபீடௌ’ என்பார்கள். வெட்டிய இலையின் ஓரத்தையும் நடுநரம்பையும் கிழித்து எறிந்துவிட்டு, குறுக்கே லேசாக ஒரு கீறல் போடுவார்கள். நார் அறுபடாமல் தோல் மட்டும் அறுபட வேண்டும், கைப்பழக்கம் முழுவதும் அந்தக் கீறலில்தான். பிறகு கடல்சிப்பியின் விளிம்பை அழுத்தி இழுத்தால் பச்சைச் சதை கழன்று, பட்டுப்போல் மின்னும் நார் வெளியே வரும். அதை அலசி, கல்லால் செய்த உலக்கை போன்ற கருவியால் அடித்து மென்மையாக்கி, வெறும் கெண்டைக்காலின்மேல் உள்ளங்கையால் உருட்டி முறுக்கிப் புரியாக்குவார்கள். தறி கிடையாது. நட்ட இரண்டு குச்சிகளுக்கு இடையே ஒரு கயிறு கட்டி, அதில் பாவு இழைகளைத் தொங்கவிட்டு, ஊடு இழைகளை விரலாலேயே பின்னிக்கொண்டு போவார்கள். ஒரு நல்ல மேலாடை முடிய மாதக்கணக்காகும், சிலவற்றுக்கு வருடக்கணக்காகும்.

கறுப்புச் சாயம் ஏற்றும் முறை தனிச்சிறப்பு. ஹீனௌ மரத்தின் பட்டையை ஊறவைத்த துவர்நீரில் நாரை நனைத்து, பிறகு இரும்புச்சத்து மிகுந்த சதுப்புச் சேற்றில் புதைத்து எடுப்பார்கள். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருங்கறுப்பாகும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய மேலாடைகளில் முதலில் பொடிந்து உதிர்வது இந்தக் கறுப்பு இழைகள்தான். அதே இரும்புதான் காலப்போக்கில் நாரை அரிக்கிறது.

ஆடை தவிர வேறு என்னென்ன என்றால், பட்டியல் முடியாது. கூடை, பாய், செருப்பு, மீன்வலை, தூண்டில் கயிறு, படகைக் கட்டும் கயிறு, வீட்டின் உத்திரத்தை இறுக்கும் கட்டு எல்லாமே இதுதான். இலையடியில் சுரக்கும் பிசினைக் காயத்துக்குப் பூசினார்கள். முறிந்த எலும்புக்கு இலையின் கெட்டியான அடிப்பாகத்தை வைத்துக் கட்டினார்கள். காய்ந்த பூத்தண்டுகளைக் கட்டித் தெப்பமும் விட்டார்கள். ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் முதல் பயணத்தில் வந்தவர்கள் தங்கள் கடற்படை வலையைப் பெருமையாகக் காட்டியபோது, மாவோரிகள் சிரித்துவிட்டு, அதைச் சின்னதாக்கிவிடும் நீளமுள்ள ஹரகெகெ வலையை எடுத்து விரித்தார்கள் என்று அந்தப் பயணத்தில் வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் குறித்து வைத்திருக்கிறார்.

அந்த பேங்க்ஸ் எழுதியவற்றிலிருந்துதான் காலனிக் கதை தொடங்குகிறது. 1769–70இல் கண்ட இந்த நாரை அவர் வெகுவாகப் புகழ்ந்தார். பிரிட்டிஷ் கடற்படையின் பாய்த்துணியும் கயிறும் ரஷ்யாவிலிருந்தும் பால்டிக் கரையிலிருந்தும் வரும் ஹெம்ப் நாரை நம்பியிருந்த காலம் அது. போர் வந்து அந்த வழி அடைபட்டால் கப்பல்கள் துறைமுகத்திலேயே கிடக்க வேண்டியதுதான். 1774இல் குக், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே உள்ள நார்ஃபோக் தீவில் இறங்கியபோது அங்கே இதே செடியும், பாய்மரத்துக்கு ஏற்றவைபோல் தோன்றிய நெட்டைப் பைன் மரங்களும் இருந்தன. 1788இல் கைதிகளோடு முதல் கப்பல் தொகுதி சிட்னிக்கு வந்ததும், சில வாரங்களிலேயே ஃபிலிப் கிட்லி கிங் என்ற அதிகாரியைச் சிறு குழுவோடு நார்ஃபோக் தீவுக்கு அனுப்பியதற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணங்கள். பைன் பாய்மரத்துக்கு உதவவில்லை. நார் இருந்தது, ஆனால் அதை எடுக்க யாருக்கும் தெரியவில்லை. ஊறப்போட்டார்கள், அடித்தார்கள், துணி என்று சொல்லத்தக்கதாக எதுவும் உருப்படியாக வரவில்லை.

கிங் கண்டுபிடித்த வழி, தெரிந்தவர்களைப் பிடித்து வருவது. 1793இல் டீடலஸ் என்ற கப்பல், நியூசிலாந்தின் வடகரையில் துகி, ஹுரு என்ற இரண்டு மாவோரி இளைஞர்களை ஏமாற்றிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. கொண்டுவந்து கேட்டால், இது பெண்கள் செய்யும் வேலை, எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது என்றார்கள். ஒருவர் போர்வீரர் குலம், மற்றவர் பூசாரி குலம். அவர்களுக்குத் தெரிந்த கொஞ்சத்தைக் கற்றுக்கொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை. ஒரு பேரரசின் கடற்படைத் திட்டம், சமையலறைப் பக்கம் போகாத இரண்டு பையன்களிடம் போய் முட்டிநின்றது. கிங்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இருவரையும் தன் வீட்டிலேயே மரியாதையாக வைத்திருந்தார். அந்த வருட நவம்பரில் தானே கப்பலில் கூடப்போய், பன்றிகளும் விதைகளும் கருவிகளும் கொடுத்து நியூசிலாந்தில் இறக்கிவிட்டார். அனுமதியில்லாமல் பணியிடத்தை விட்டுப் போனதற்காக மேலதிகாரியிடம் கண்டனமும் வாங்கினார். நாரால் விளையாத பயன் வேறு வகையில் விளைந்தது: துகி தரையில் சுண்ணத்தாலும் பிறகு தாளிலும் வரைந்த நியூசிலாந்து வரைபடம், மாவோரி ஒருவர் தம் நாட்டைத் தாமே வரைந்து காட்டிய அரிய ஆவணமாக இன்றும் இருக்கிறது.

அடுத்த கட்டத்தில் ஐரோப்பியர்கள் தாங்களே நார் எடுக்கும் யோசனையைக் கைவிட்டு, மாவோரிகள் சீவிய நாரை விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள். சிட்னி வணிகர்கள் கொடுத்த விலை மஸ்கட் துப்பாக்கியும் வெடிமருந்தும். இங்கேதான் இந்தக் கதை இருண்டுபோகிறது. ஙாப்புஹி என்ற மாவோரிக் குலத்தின் தலைவர் ஹோங்கி ஹிகா 1820இல் இங்கிலாந்து போய், திரும்பும் வழியில் 1821இல் சிட்னியில் துப்பாக்கிகளைச் சேர்த்துக்கொண்டு வந்த பிறகு, துப்பாக்கி இல்லாத குலம் அழிந்துபோகும் என்ற நிலை. துப்பாக்கி வேண்டுமென்றால் நார் வேண்டும். தொடக்கத்தில் ஒரு துப்பாக்கிக்கு ஒரு டன் சீவிய நார் வரை கேட்டார்கள். ஒரு டன் என்பது சிப்பியால் இலை இலையாகச் சுரண்டிச் சேர்க்க வேண்டியது என்பதை நினைத்துப் பாருங்கள். சுரண்டியது பெண்களும், போரில் பிடிபட்ட அடிமைகளும். அடிமை கூடக்கூட நார் கூடும், நார் கூடினால் துப்பாக்கி கூடும், துப்பாக்கி கூடினால் அடிமை கூடும். நார் அதிகம் கிடைக்கும் சதுப்போரங்களுக்கு ஊரையே மாற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. அந்த ஈரத்தில் நோய் பரவியது, தோட்ட வேலை பின்தங்கியது. மாவோரிக் குலங்களுக்கு இடையே நடந்த இந்தத் துப்பாக்கிப் போர்களில் இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது இந்த உழைப்பின் சேதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

வணிகர்கள் கரையோரங்களில் நிரந்தரமாகத் தங்கினார்கள். வட தீவின் மகெட்டுவில் ஃபிலிப் டாப்செல் என்ற டென்மார்க்காரர் மாவோரிப் பெண்ணை மணந்து, நாருக்குத் துப்பாக்கி என்ற கணக்கில் பெரிய வியாபாரம் நடத்தினார். தலைவர்களும் இதில் வெறும் ஏமாளிகள் அல்லர். வணிகரைத் தங்கள் ஊரில் வைத்துக்கொள்ளப் போட்டி போட்டார்கள், சிப்பத்தில் தரக்குறைவான நாரைக் கலந்து கட்டினார்கள் என்று வணிகர்களும் புலம்பியிருக்கிறார்கள்.

இந்த வணிகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1830இல் நடந்த எலிசபெத் கப்பல் சம்பவம் போதும். ஙாட்டி தோவா குலத் தலைவர் தெ ரௌபராஹாவுக்குத் தென் தீவின் ஙாய் தஹு குலத் தலைவர் தமைஹரனுயிமேல் தீராப் பகை. ஜான் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயக் கப்டன், கப்பல் நிறைய நாரைக் கூலியாக வாங்கிக்கொள்வதாகப் பேசிக்கொண்டு, தெ ரௌபராஹாவையும் அவருடைய வீரர்களையும் கப்பலின் அடித்தட்டில் மறைத்து, தென் தீவின் அகரோவா துறைமுகத்துக்குக் கொண்டுபோனார். தமைஹரனுயியும் நார் வணிகத்தில் இருந்தவர்தான். வியாபாரம் பேசலாம் என்று அழைத்ததை நம்பிக் கப்பலேறினார், பிடிபட்டார். கரையில் இருந்த தகாபூனெகெ ஊர் சூறையாடப்பட்டது. அதன் பிறகும் ஸ்டூவர்ட் கைதியை உடனே ஒப்படைக்கவில்லை. பேசிய நார் வரும்வரை பிணையாக வைத்திருந்தார். கடைசியில் ஒப்படைக்கப்பட்டுத் தமைஹரனுயி கொல்லப்பட்டார். சிட்னியில் ஆளுநர் டார்லிங் வழக்குத் தொடர முயன்றார். சாட்சிகள் காணாமல் போனார்கள், கப்டன் தண்டனையில்லாமல் தப்பினார். லண்டனில் எழுந்த அதிர்ச்சி, 1833இல் ஜேம்ஸ் பஸ்பி பிரிட்டனின் பிரதிநிதியாக நியூசிலாந்தில் வந்து இறங்கியதற்கு ஒரு காரணமாயிற்று. அடுத்த ஏழு வருடத்தில், மாவோரித் தலைவர்கள் பிரிட்டிஷ் அரசோடு செய்துகொண்ட வைதாங்கி உடன்படிக்கை. நியூசிலாந்து எப்படிப் பிரிட்டிஷ் காலனியானது என்று கேட்பவர்களிடம் திமிங்கிலத்தையும் மிஷனரிகளையும் மட்டும் சொல்லாமல் நாரையும் சொல்லுங்கள்.

1830களின் நடுவில் அந்த வணிகம் சரிந்தது. வேண்டிய அளவு துப்பாக்கி வந்துவிட்டதால் அதற்காக முதுகொடிய நார் சுரண்டும் கட்டாயம் போய்விட்டது. அந்தப் பக்கம் சிப்பங்களின் தரம் ஒருபோல் இல்லை, கப்பல் கயிற்றுக்குத் தார் சரியாக ஏறவில்லை என்று குறைகள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த மணிலா நார் கடல்நீரைத் தாங்கும் கயிறாகச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

குடியேறிய வெள்ளை விவசாயிகளுக்கோ இது தினசரிச் சரக்கு. இலையைக் கீறினால் கயிறு. வேலி கட்ட, மாட்டைக் கட்ட, பூட்ஸுக்கு நாடாவாக, எதற்கும் பச்சை இலைத்துண்டு போதும். ஏற்றுமதி மீண்டும் எழுந்தது 1860களில், இலையைச் சீவும் இயந்திரம் வந்தபின். வேகமாகச் சுழலும் உருளையில் இரும்புப் பட்டைகள் இருக்கும். இலையை உள்ளே ஊட்டினால் சதையை அடித்து நொறுக்கி நாரை வெளியே தள்ளும். 1870 வாக்கில் நாடெங்கும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள். ஆனால் சிப்பி வருடியெடுத்ததை இரும்பு அடித்தெடுக்கிறது. நார் நைந்து, பச்சைச் சதையின் மிச்சத்தோடு முரடாக வந்தது. மாவோரிப் பெண்கள் எடுத்த முகாவுக்கு ஈடான நாரை அந்த இயந்திரம் ஒருநாளும் தரவில்லை. அரசாங்கமே குழு அமைத்து ஆராய்ந்தும், கடைசியில் இந்த நார் துணிக்கு அல்ல, கயிற்றுக்கும் சணல்கயிறு போன்ற கட்டுக்கயிற்றுக்கும் என்று ஆகிவிட்டது. பேங்க்ஸ் கண்ட பட்டு மினுமினுப்பு, அறுவடை இயந்திரங்கள் கதிர்க்கட்டைக் கட்டும் கயிறாக முடிந்தது.

ஆலை வேலை கடுமையானது. அரிவாளால் வெட்டிய இலையைக் கட்டுக்கட்டாகச் சதுப்பிலிருந்து டிராம் வண்டியில் இழுத்துவர வேண்டும். எட்டு, ஒன்பது டன் பச்சை இலை போட்டால்தான் ஒரு டன் நார் கிடைக்கும். சீவும் இயந்திரத்தின் அலறல் வெகுதூரம் கேட்கும். ஊட்டுகிறவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் விரல் போகும். பிறகு அலசி, வயல்வெளியில் பரப்பி வெயிலில் வெளுக்கவிட்டு, மறுபடி அடித்துச் சுத்தம்செய்து சிப்பம் கட்டுவார்கள்.

1898இல் ஸ்பெயினும் அமெரிக்காவும் போரிட்டபோது மணிலா நார் வரத்துத் தடைப்பட்டு, இதன் விலை ஏறியது. 1901 முதல் ஏற்றுமதி நாரை அரசாங்கம் தரம் பிரித்தது. வட தீவின் மனவாட்டு ஆற்றுப்படுகையில் ஃபாக்ஸ்டன், ஷானன் ஊர்களைச் சுற்றி இந்தத் தொழில் குவிந்தது. ஷானன் அருகே 1907இல் தொடங்கிய மிரானுயி ஆலைதான் நாட்டிலேயே பெரியது. முதல் உலகப்போர்க் காலத்தில் நல்ல லாபம். போர் முடியும் தறுவாயில் அந்தப் பகுதியின் மகெருவா சதுப்பில் இலைகள் மஞ்சளாகிச் செடிகள் சாகத் தொடங்கின. ஒரு தத்துப்பூச்சி பரப்பும் பாக்டீரியா போன்ற நுண்ணுயிரிதான் காரணம் என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. பல மைல் பரப்புக்கு ஒரே செடியை நெருக்கமாக வளர்த்தது அந்தப் பூச்சிக்கு விருந்தாயிற்று என்று நினைக்கிறேன். மாவோரித் தோட்டங்களில் பல ரகங்கள் கலந்து, பழைய இலை அவ்வப்போது வெட்டப்பட்டு நின்றவை. நோயும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து 1933இல் மிரானுயியை மூடவைத்தன. சதுப்புகள் வடிக்கப்பட்டு மாட்டுப் பண்ணைகளாயின.

மிச்சமிருந்த தொழிலுக்கு உயிர் கொடுத்தது சாக்கு. நியூசிலாந்தின் கம்பளி மூட்டைகளுக்கான சாக்கு கல்கத்தாவிலிருந்து சணலில் வந்துகொண்டிருந்தது. 1930களில் ஃபாக்ஸ்டனில் அதையே உள்நாட்டு நாரால் நெய்யத் தொடங்கினார்கள், அரசாங்கமும் இறக்குமதிக்கு எதிராகக் கைகொடுத்தது. செயற்கை இழை வந்தபின் அதுவும் போய், கடைசிச் சீவல் ஆலை 1985இல் நின்றது.

இதே செடியை ஆங்கிலேயர்கள் அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்கும் கொண்டுபோனார்கள். 1907 முதல் அங்கே ஆலைகள் ஓடின, பிரிட்டிஷ் அஞ்சல் துறை கடிதக் கட்டுகளைக் கட்டும் கயிறு முக்கியச் சரக்கு. 1960களில் அஞ்சல் துறை செயற்கைக் கயிற்றுக்கு மாறியதும் தீவின் பெரிய தொழிலே விழுந்தது. செடி மட்டும் மலையெங்கும் பரவி, அங்கேயே பிறந்த அரிய தாவரங்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது. இன்று அதை வெட்டி அகற்றுவதற்கு ஆள்வைத்து வேலை நடக்கிறது.

மாவோரிகளின் பக்கம் என்ன ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும். கடைக் கம்பளிப் போர்வை வந்ததும் அன்றாட மேலாடை நெய்வது குறைந்தது. ஆனால் கலை அப்படியே உறைந்துபோகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வண்ணக் கம்பளி நூலை முகாவோடு சேர்த்துப் பின்னினார்கள், பிற்பாதியில் கிவிப் பறவையின் இறகு வைத்த மேலாடைகள் பெருகின. ‘பாரம்பரியம்’ என்று நாம் இன்று பார்க்கும் பல மேலாடைகள் இந்தக் காலனிக் காலக் கலப்பில் பிறந்தவை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நெசவு தெரிந்தவர்கள் குறைந்தபோது, தெ கூயிட்டியைச் சேர்ந்த ரங்கிமாரியெ ஹெடெட்டும் அவர் மகள் டிகரெஸ் தெ கனாவாவும் 1951இல் அமைந்த மாவோரி மகளிர் நலச் சங்கத்தின் வழியாகக் குலம் பார்க்காமல் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். கிஸ்போர்னில் ரெனே ஆர்கிஸ்டன் என்ற பெண்மணி, 1950கள் முதல் ஊர் ஊராகப் போய், மூத்த நெசவாளிகள் கொல்லையில் காப்பாற்றி வைத்திருந்த பழைய ரகங்களைச் சேகரித்தார். ஆலைகளுக்கு வேண்டாதவையாக இருந்த அந்த ரகங்கள் இப்போது தென் தீவின் லிங்கன் ஊரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்பட்டு, கேட்கும் நெசவாளிகளுக்குக் கன்றுகளாகப் போகின்றன.